தனுஷ்கோடிக்கு ஒரு சைக்கிள் தடம் வேணும்!



ராமேஸ்வரத்துல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஒரு தடவை சைக்கிள் மிதிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் அமைதியா பெண் கடல், மறுபக்கம் ஆர்ப்பரிக்கும் ஆண் கடல். நடுவுல நம்மளும் எதிர்க்காத்தும்.

இதே மண்ணுலதான் ஒரு காலத்துல போட் மெயில் ஓடுச்சு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் 22 இரவு அடிச்ச புயல் ஊரையும், வந்துகிட்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் சேர்த்து விழுங்கிடுச்சு. பாம்பன் பாலத்தை 46 நாள்ல சரி பண்ணாங்க. தனுஷ்கோடி தண்டவாளம் மட்டும் மணலோட போச்சு.

2017-ல் சாலை வந்தது, நல்ல விஷயம். ஆனா லீவு நாள்ல கார், வேன் வரிசைக்கு நடுவுல சைக்கிள் ஓட்டுறவனுக்கு ஓரம்கூட மிஞ்சாது.

இத்தாலியில் சான் ரெமோ பக்கம் கடலோர ரயில் பாதையை 2001-ல் உள்பக்கமா மாத்துனாங்க. காலியான தடத்தை பிளாட் போட்டு விக்கல. சுமார் 24 கி.மீ. சைக்கிள் பாதையாக்கி மக்களுக்கே கொடுத்தாங்க. ரயில் போன குகைகள்ல இன்னைக்கு சைக்கிள் போகுது.

"ரயிலையே திரும்ப விடலாமே?" என்று சிலர் கேட்கலாம். 2019-ல் அடிக்கல்லும் நாட்டியாச்சு, ரயில்தான் இன்னும் வரல. இன்ஜினியரிங் படிச்சவனா சொல்றேன்: ரெண்டு கடலுக்கு நடுவுல நகர்ந்துகிட்டே இருக்கிற மணல்ல தண்டவாளம் போட்டா, ஒவ்வொரு புயலுக்கும் பதில் சொல்லணும். சைக்கிள் பாதை மேல மணல் ஏறுனா தள்ளிட்டுப் போகலாம். 2025-ல் இங்கே பூநாரை சரணாலயமும் அறிவிச்சாச்சு. பறவைக்கு ஹாரன் தொந்தரவு.

நம்ம கோரிக்கை மூணு:

🔹 பழைய ரயில் தடத்தை ஒட்டி, சைக்கிளுக்கும் நடக்கிறவங்களுக்கும் தனிப்பாதை.
🔹 வாடகை சைக்கிள், டீக்கடை, மீன் கடை உரிமம் முழுக்க அங்கே குடிசையில் வாழும் மீனவக் குடும்பங்களுக்கே.
🔹 பாதை பேரைச் சொல்லி ஒரு குடிசையையும் அகற்றக் கூடாது, ஒரு ரிசார்ட்டும் வரக் கூடாது.

மூணாவது இல்லாம முதல் ரெண்டும் வேண்டாம். புயலுக்கு அப்புறம் "மனிதர் வாழத் தகுதியற்ற இடம்"னு அரசே கைவிட்ட மண்ணை விட்டுப் போகாம நின்னவங்க அவங்க. அந்தக் கடற்கரையில் முதல் உரிமை அவங்களுக்குத்தான்.

ஒத்துக்கிறவங்க பகிருங்க. மாற்றுக் கருத்து இருந்தா கமெண்ட்ல வாங்க, பேசுவோம்.

#தனுஷ்கோடி #சைக்கிள்தடம் #கடற்கரைமக்களுக்கே