உம்மாவும் வாப்பாவும் சும்மா போன சந்தை

யாழ்ப்பாணம் பார்க்க வரும் சோடிகளின் ஒருநாள் எனக்கு மனப்பாடம். காலையில் திருநெல்வேலிச் சந்தை, மத்தியானம் ஒடியற்கூழ், பின்னேரம் நல்லூரடியில் ஐஸ்கிறீம். போகும்போது கையில் பனங்கட்டிக் குட்டானும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும். ஆறுதலாக நடந்து சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் அந்த வழியில் சோனகத் தெரு ஏன் வருவதில்லை?

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். உம்மாவுக்கு அப்போது எட்டு வயது. புத்தளத்தில் வளர்ந்தார். ஒரு தெருவே காலியானால் அதன் சாப்பாட்டையும் ஊர் மறந்துவிடும்.

பிழை மற்றவர்களில் மட்டுமில்லை. திரும்பி வந்த நாங்களும் எங்கள் கைப்பக்குவத்தை அடுப்படிக்குள்ளேயே வைத்திருக்கிறோம். வட்டிலப்பத்தைப் பெருநாளைக்கு அயலவருக்குக் கொடுப்பதோடு சரி. அதை விற்பதும், வருகிறவர்கள் குடும்பமாக இருந்து சாப்பிட நாலு கதிரை போடுவதும் எங்கள் பெண்களாலும் முடிந்த வேலைதான் என்பேன்.

சென்ற விடுமுறையில் உம்மாவையும் வாப்பாவையும் சந்தைக்கு அனுப்பினேன், சாமான் வாங்க அல்ல, சும்மா சுற்றிப் பார்க்க. (உம்மா பையைக் கொண்டுதான் போனார்.) மத்தியானம் வருவார்கள் என்றிருந்தேன், அஸருக்குத்தான் வந்தார்கள். கடையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்களாம், அதுவும் இரண்டு தரம். புழுக்கொடியலைக் கடித்துக்கொண்டே உம்மா விலையைக் குறை சொன்னார். பிறகு மெதுவாக வாப்பாவிடம் கேட்டார்:

"வாற ஞாயிறு சுன்னாகம் போவமா?"