நடுவழியில் நிற்கும் “மோட்டார் வீடு”

சக்கரம் வைத்த வீடு அது.

உள்ளே கட்டில் உண்டு. அடுப்பு உண்டு. குளிக்கும் அறையும் உண்டு. முன்னால் டிரைவர் ஆசனம். நினைத்த ஊருக்கு வீட்டோடு போய் வரலாம்.

அமெரிக்காவில் இதற்கு “மோட்டார் ஹோம்” என்று பெயர். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் இதில் ஏறி நாடு சுற்றுவது அங்கே வழக்கம்.

புதிய வண்டியின் விலை மிக அதிகம். ஆகவே, பலர் பழைய வண்டியை வாங்குகிறார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1973 முதல் 1978 வரை இப்படி ஒரு வண்டியைத் தயாரித்தது. அதன் பெயர் “ஜி.எம்.சி. மோட்டார் ஹோம்”. மொத்தம் சுமார் 13 ஆயிரம் வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன.

ஆனால், சில வண்டிகள் நின்று நின்று ஓடுகின்றன!

வந்து வந்து போகும் நோய்

காலையில் வண்டி நன்றாக ஓடும். மத்தியானம் மேட்டில் ஏறும்போது திணறும். பிறகு என்ஜின் நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்!

மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அங்கே ஒரு குறையும் தெரியாது. டாக்டர் வீட்டுத் திண்ணையில் ஏறியதும் பிள்ளையின் வயிற்றுவலி பறந்துவிடுகிறது அல்லவா? அதே கதைதான்.

அப்போது என்ன செய்கிறார்கள்?

பெட்ரோல் பம்பை மாற்றுகிறார்கள். மறுவாரமும் வண்டி நிற்கிறது. கார்புரேட்டரை மாற்றுகிறார்கள். மறுபடியும் நிற்கிறது. காயிலை மாற்றுகிறார்கள். பென்ஷன் பணம் கரைகிறது. நோய் மட்டும் போகவில்லை.

இந்தப் பழக்கம் தவறு. என்ன நோய் என்று தெரியாமல் மருந்து கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

உயிருக்கு ஆபத்து

பணம் மட்டும் போனால் பரவாயில்லை. இதில் உயிருக்கும் ஆபத்து உண்டு.

கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரம் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே சுமார் 60 மைல் போனால் ஐசனோவர் சுரங்கப்பாதை வரும். அதன் உயரம் 11,158 அடி. டென்வரின் உயரமோ 5,280 அடிதான். நடுவில் உள்ள பெரும்பகுதியும் மலை ஏற்றம்.

முழுச் சுமையோடு சுமார் 5 டன் எடையுள்ள வண்டி அந்த ஏற்றத்தில் திடீரென்று நின்றால் என்ன ஆகும்?

என்ஜின் ஓடும்போது, ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் அது துணை செய்கிறது. என்ஜின் நின்றதும் அந்தத் துணை போய்விடும். ஸ்டீயரிங் கல்போல் இறுகும். பிரேக்குக்கு மிச்சம் இருக்கும் துணை, இரண்டொரு மிதியில் தீர்ந்துவிடும். பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே, “எப்போதாவதுதானே நிற்கிறது” என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. எப்போது நிற்கும் என்று தெரியாததுதான் பெரிய ஆபத்து!

நான்கு குற்றவாளிகள்

இப்படி நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நான்கு முக்கியமானவை.

முதலாவது, பெட்ரோல் கொதிப்பது. தொட்டி பின்னால் இருக்கிறது. பம்ப் முன்னால் என்ஜினில் இருக்கிறது. நீண்ட குழாய் வழியாகப் பெட்ரோலை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் எளிதில் கொதிக்கும். உயரமான மலையிலும் இப்படித்தான். ஐசனோவர் சுரங்கத்தின் உயரத்தில் தண்ணீரே 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 89 டிகிரியில் கொதித்துவிடும். கொதித்த பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்கிறது.

இன்னொரு விஷயம். குளிரில் என்ஜின் சுலபமாகக் கிளம்புவதற்காக, அமெரிக்காவில் குளிர்காலத்தில் விரைவில் ஆவியாகும் பெட்ரோலை விற்கிறார்கள். அந்தப் பெட்ரோல் தொட்டியில் இருக்கும்போது திடீரென்று வெயில் அடித்தால், தொல்லை அதிகம்.

இரண்டாவது, தொட்டியின் காற்றுத் துவாரம் அடைபடுவது. பெட்ரோல் குறையக் குறையக் காற்று உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது.

மூன்றாவது, பழைய ரப்பர் குழாயில் வெடிப்பு. பம்ப் உறிஞ்சும்போது வெடிப்பு வழியாகக் காற்று நுழையும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இருக்கலாம்.

நான்காவது, மின்சாரக் கம்பி. 1970-களின் நடுவில் வந்த டிஸ்டிரிபியூட்டர்களில் இரண்டு மெல்லிய கம்பிகள் உண்டு. வேகம் மாறும்போது அவை மடங்கி நிமிரும். நாளடைவில் உள்ளே உள்ள செம்பு அறுந்துவிடும். மேலுறை முழுசாகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது.

நால்வரும் செய்யும் குற்றம் ஒன்றுதான். ஆனால், விட்டுச்செல்லும் தடயம் வேறு வேறு.

நோட்டுப் புத்தகம் போதும்

தடயத்தைப் பிடிக்க என்ன வழி? ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில்!

கணவர் வண்டி ஓட்டட்டும். மனைவி பக்கத்தில் இருந்து எழுதட்டும். மணி என்ன? வெயிலா, குளிரா? மேடா, சமதரையா? தொட்டியில் பெட்ரோல் எவ்வளவு? புறப்பட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? திணறித் திணறி நின்றதா, படக்கென்று நின்றதா?

திணறி நின்றால், பெரும்பாலும் பெட்ரோல் வரவில்லை. படக்கென்று நின்றால், பெரும்பாலும் மின்சாரம் போய்விட்டது.

வெயிலிலும் மேட்டிலும் மட்டும் நிற்கிறதா? பெட்ரோல் கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிரிலும் நிற்கிறதா? அப்போது தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். “உஸ்” என்று காற்று உள்ளே பாய்ந்து, உடனே வண்டி கிளம்பினால், துவாரத்தின் மேல் சந்தேகப்படலாம். அதுவும் இல்லை என்றால் குழாயைச் சோதிக்க வேண்டும்.

மெக்கானிக்குகளிடம் “டைமிங் லைட்” என்ற விளக்கு உண்டு. அதை ஸ்பார்க் பிளக் கம்பியில் மாட்டினால், தீப்பொறிக்குத் தக்கபடி மின்னும். வண்டி திணறும்போது விளக்கு ஒழுங்காக மின்னினால், மின்சாரம் வருகிறது. பெட்ரோலைப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்தால், மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். விளக்கைக் கவனிப்பது பக்கத்தில் இருப்பவரின் வேலை. டிரைவரின் கண் சாலையில்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையை மலையில் செய்யக் கூடாது. ஊருக்கு அருகே, ஓரமாக ஒதுங்க இடம் உள்ள சாலையில் செய்ய வேண்டும். குறையைக் கண்டுபிடிக்கும்வரை மலைப் பயணம் வேண்டாம்.

எதற்குக் கூலி?

“பழைய குழாய்களை மாற்றுவதும் தவறா?” என்று சிலர் கேட்கலாம்.

தவறு இல்லை. அவசியமும்கூட. இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. 1970-களின் ரப்பர் அதைத் தாங்காது. ஆனால், அது வழக்கமான பராமரிப்பு. அதைச் செய்ததும் நோய் தீர்ந்தது என்று நம்பிவிடக் கூடாது.

ஒரே நாளில் நான்கு பாகங்களை மாற்றினால், எதனால் குணமாயிற்று என்று தெரியாது. மறுபடியும் நின்றால், எங்கே தேடுவது என்றும் தெரியாது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், எழுதிவை. அதுதான் சரியான முறை.

மெக்கானிக்கும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். வண்டியில் ஏறி ஒரு மணி நேரம் கூடவே வரும் மெக்கானிக்குக் கூலி கொடுக்கச் சிலர் தயங்குகிறார்கள். “ஒரு பாகமும் மாற்றவில்லையே, பணம் எதற்கு?” என்கிறார்கள். அதே ஆட்கள், தேவையில்லாத பம்புக்குப் பல மடங்கு பணம் கொடுக்கிறார்கள்!

குறையைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அதற்குக் கூலி கொடுப்பதே நியாயம்.

பாகம் கடையில் கிடைக்கும். வண்டி எப்போது நின்றது, எப்படி நின்றது என்ற விவரம் கடையில் கிடைக்காது. அதை வண்டியில் போகிறவர்கள்தான் எழுதிவைக்க வேண்டும்.