சம்பளம் கூட்டித் தருவேன் என்று வருபவரிடம்

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்திருக்கிறது. வேட்புமனுவுக்கு முன்பே, திருவிழாவுக்கும் மரண வீட்டுக்கும் வருகிற வாகனங்கள் கூடிவிட்டதைத் தோழர்கள் கவனித்திருப்பீர்கள். வருகிறவர்கள் பிரட்டுக்களத்தில் நின்று சொல்வது ஒன்றுதான்: "என்னைச் சபைக்கு அனுப்புங்கள், நாட்சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன்."

மாகாண சபை உறுப்பினரால் எமது நாட்சம்பளத்தில் ஒரு சதம்கூடக் கூட்ட முடியாது. 2021 இல் 1,000 ரூபாவையும் 2024 இல் 1,350 ரூபாவையும் தீர்மானித்தது சம்பள நிர்ணய சபை. அங்கே தொழிற்சங்கங்கள் இருக்கின்றன, முதலாளிமார் தரப்பு இருக்கிறது, தொழில் அமைச்சர் நியமிப்பவர்கள் இருக்கிறார்கள். மாகாண சபைக்கு அங்கே நாற்காலி இல்லை. இதைத் தெரிந்துகொண்டு சொல்கிறவரைவிடத் தெரியாமல் சொல்கிறவரே எமக்குக் கூடுதல் பயம் தருகிறார். தான் போகப்போகும் சபையின் வேலை என்னவென்றே அறியாதவர் அவர்.

அப்படியானால் எதைக் கேட்பது? முதலில் பள்ளிக்கூடத்தைக் கேட்போம். எமது பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். ஆசிரியர் நியமனம், இடமாற்றம், கட்டடம், மலசலகூடம் எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கென்றே அமைச்சர்கள் இருந்திருக்கிறார்கள். அப்படி இருந்தும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை இன்றும் விடியற்காலையில் பஸ் ஏறி நகரத்துக்குப் போகிறது. பஸ் காசு இல்லாத வீட்டுப் பிள்ளை கலைப் பிரிவில் சேர்கிறது, அல்லது கொழும்பில் கடைக்குப் போகிறது. ஆசிரியர் உதவியாளர்களாக நியமனம் பெற்ற எமது இளைஞர் யுவதிகள் மாதம் 6,000 ரூபாக் கொடுப்பனவோடு வகுப்பறையில் நின்ற காலத்தையும் நாம் மறக்கவில்லை. எந்தெந்தப் பாடசாலையில் கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று வேட்பாளருக்குத் தெரியுமா? அவர் பாடசாலைகளின் பெயர் சொல்லிப் பதில் தரவேண்டும். "கல்வியை மேம்படுத்துவேன்" என்பது பதில் அல்ல.

அடுத்தது வைத்தியசாலை. சில தோட்ட வைத்தியசாலைகளை மாகாண சுகாதாரத் திணைக்களம் பொறுப்பேற்றது. மற்றவை இன்னும் நிர்வாகத்தின் கையில், ஒரு வைத்திய உதவியாளரோடு, பல இடங்களில் அதுவும் இல்லாமல் கிடக்கின்றன. இரவில் பிரசவ வலி வந்தால் லொறி தேடும் நிலை எந்தத் தோட்டத்தில் இருக்கிறதென்று தாய்மார்களுக்குத் தெரியும். மிச்சத்தையும் பொறுப்பேற்கச் சபையில் பிரேரணை கொண்டுவருவாரா?

பாதை விடயத்தில் ஒரு பழைய சாக்கு இனிச் செல்லாது. 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று முப்பது வருடம் சொன்னார்கள். 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் லயத்துக்குப் போகும் பாதை அப்படியேதான் இருக்கிறது. உள்ளூராட்சி மாகாணத்தின் மேற்பார்வையில் வருவதால் இந்தக் கேள்வி மாகாண வேட்பாளருக்கும் உரியது.

காணி பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. 1992 இல் கம்பனிகளின் கைக்குப் போனது அரச நிலம். அதில் 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ பிரித்து உறுதி கொடுப்பது கொழும்பின் முடிவு. மாகாண வேட்பாளர் உறுதிப்பத்திரம் தருவேன் என்றால் அதுவும் சம்பளக் கதைதான்.

எம் பக்கத்துத் தவறையும் சொல்லவேண்டும். 2013 மாகாணத் தேர்தல் மேடைகளில் சம்பளத்தை முழங்கியவர்களில் தொழிற்சங்கத்தவரும் இருந்தார்கள். கைதட்டியவர்கள் நாங்கள். சந்தா கட்டும் தொழிலாளியிடம் எந்தச் சபைக்கு எந்த அதிகாரம் என்று விளக்கிச் சொல்லும் வேலையைச் சங்கங்கள் செய்யவில்லை. கட்சி நிறத்தைச் சொல்லிக்கொடுத்ததோடு சரி.

மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. புதிய முறையும் நடக்கவில்லை, பழைய முறைக்கும் திரும்பவில்லை. அன்றிலிருந்து மாகாணத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் நடத்துகிறார். ஆசிரியர் இல்லையென்று கேட்கப்போனால் எமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட, எமது வாக்கில் வந்த ஓர் ஆள் அங்கே இல்லை. சபை தேவையா என்று கேட்கும் வேட்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிறகு ஏன் அதற்குப் போட்டியிடுகிறார்கள் என்பது எமக்கு விளங்கவில்லை.

கிளைத் தலைவர்களும் தலைவிமாரும் தத்தமது தோட்டத்தின் கேள்விகளை எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்பிவையுங்கள். பாடசாலை, டிஸ்பென்சரி, பாதை, எதுவானாலும் இடத்தின் பெயரோடு எழுதுங்கள். வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், எமது சங்கத்தின் சார்பில் நிற்பவர் உட்பட, அவற்றைக் கொடுத்து எழுத்தில் பதில் கேட்போம். பதில்களை வெட்டாமல் இதே பக்கத்தில் அச்சிடுவோம். பதில் தராதவரின் பெயருக்கு எதிரே இடத்தை வெறுமையாக விடுவோம்.