பிள்ளையின் உடலில் தண்ணீர் வற்றும்போது

மழை தொடங்கினால் பீலித் தண்ணீர் கலங்கும். லயங்களில் முதலில் படுப்பவர்கள் சின்னப் பிள்ளைகள்தான். வயிற்றோட்டத்தோடு வாந்தியும் சேர்ந்துவிட்டால், காலையில் ஓடித்திரிந்த பிள்ளை பொழுது சாய்வதற்குள் துவண்டு விழும். உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் போவதுதான் உயிருக்கு ஆபத்து. பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு கிலோ அளவு நீர் போய்விட்டால் நிலைமை மிக மோசம்.

"நீர் வற்றியதை ஸ்கேனிலேயே பார்க்கலாமாம். எங்கள் டிஸ்பென்சரிக்கும் ஒரு மெஷின் கேளுங்கள்" என்று அங்கத்தவர்கள் எம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியது எமது கடமை.

பார்க்கலாம் என்பது உண்மை. நீர் குறைந்தால் இரத்தத்தின் அளவும் குறையும். வயிற்றுப் பக்கமிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய நாளம் அப்போது சுருங்கும். பக்கத்தில் ஓடும் பெருநாடி அவ்வளவாகச் சுருங்காது. வயிற்றின்மேல் கருவியை வைத்து இரண்டின் அகலத்தையும் ஒப்பிடுகிறார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை.

ஆனால் இம்முறையை பங்களாதேஷின் டாக்காவிலுள்ள வயிற்றோட்ட வைத்தியசாலையில் ஐந்து வயதுக்குட்பட்ட நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். நோயோடு வந்தபோது இருந்த எடையையும் குணமான பின் இருந்த எடையையும் கணக்கிட்டு ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, ஸ்கேனை மட்டும் நம்பித் தீர்மானிக்கும் அளவுக்கு அது துல்லியமாக இல்லை. அதே வைத்தியசாலையில் நான்கு அடையாளங்களை வைத்து ஒரு மதிப்பீட்டு முறையையும் உருவாக்கினார்கள். பிள்ளையின் தோற்றம், மூச்சு, தோல், கண்ணீர் ஆகியவையே அந்த நான்கு. இவற்றைப் பார்க்க மெஷின் தேவையில்லை. பழகிய கண்ணும் கையும் போதும்.

தாய்மாரே, வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விடுங்கள். உடனே விரியாமல் மடிப்பாகவே நின்றால், கண் குழிவிழுந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், மூச்சு ஆழமாக வாங்கினால், குடிக்க முடியாமல் மயங்கிக் கிடந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அந்த நிலை வருமுன்பே, முதல் தடவை வயிற்றால் போனதுமே ஜீவனி கொடுக்கத் தொடங்குங்கள். ஒரு லீற்றர் பக்கற் என்றால், கொதித்தாறிய தண்ணீர் முழுதாக ஒரு லீற்றரில் கரையுங்கள். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று பெரியவர்கள் சொல்வது தவறு.

இனி நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. அடையாளத்தைத் தாய் அறிந்தால் மட்டும் போதுமா? பிள்ளை மடுவத்தில் பிள்ளை சோர்ந்து கிடக்கும்போது தாய் மலையில் நிற்கிறாள். இறங்கி வந்தால் அரைப்பேர் என்ற பயம். இரவில் டிஸ்பென்சரி பூட்டிக் கிடக்கிறது. 1990 அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் மேற்கணக்குப் பாதையில் அது ஏற வேண்டுமே!

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. டிஸ்பென்சரியிலும் பிள்ளை மடுவத்திலும் ஜீவனியும் எடை பார்க்கும் தராசும் எப்போதும் இருக்க வேண்டும். டிஸ்பென்சரியில் சிங்க் மருந்தும் இருக்க வேண்டும். மடுவத்தில் வேலை செய்வோருக்கு இந்த அடையாளங்களைப் பழக்க வேண்டும். இரவில் அழைத்தால் தோட்ட வாகனம் வர வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயின் பேரை வெட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் முதலாக, லயத்துக்குச் சுத்தமான தண்ணீர் வர வேண்டும்.

ஸ்கேன் மெஷின் ஆதார வைத்தியசாலையில் வைத்தியருக்கு உதவட்டும். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் பிள்ளை அங்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். தோட்டத் தலைவர்மாரே, தலைவிமாரே, நாளைக்கே டிஸ்பென்சரிக்குப் போய் எத்தனை ஜீவனி பக்கற் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலை எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கணக்கோடு நாம் நிர்வாகத்தின் முன் போய் உட்காருவோம்.