காயத்திலேயே போட வேண்டிய ஊசி

"ஊசி போட்டும் பிள்ளை செத்துப்போச்சே சிஸ்டர், அப்புறம் எதுக்கு ஊசி?" 2025 கோடையில், கேரளத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் ரேபிஸால் அடுத்தடுத்து இறந்த செய்தி வந்தபோது, எங்கள் ஊசி அறை வரிசையில் நின்றவர்கள் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். அரசு மருத்துவமனையில் நாய்க்கடிக்கு ஊசி போடும் செவிலியர் நான். பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

கையில் போடும் ஏ.ஆர்.வி. தடுப்பூசி வேலை செய்ய அவகாசம் வேண்டும். வைரஸை எதிர்க்கும் சக்தியை உடம்பு தானே உண்டாக்கிக்கொள்ள 7 முதல் 14 நாள் வரை ஆகும். நாயின் எச்சிலோடு காயத்தில் இறங்கிய கிருமி அதுவரை சும்மா இருக்காது. நரம்பைப் பிடித்து மூளையை நோக்கி ஏறும். கணுக்காலில் கடி என்றால் அதற்குத் தூரம் அதிகம். முகத்திலும் தலையிலும் கடித்தால் தூரம் குறைவு. விரல் நுனியில் நரம்புகள் அடர்த்தி. சிறு பிள்ளைகள் மேல் நாய் பாய்ந்தால் பல் பதிவது பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் சீரம் இருக்கிறது. மருத்துவர்கள் இம்யூனோகுளோபுலின் என்பார்கள், நாங்கள் ஏ.ஆர்.எஸ். என்போம். தயார் நிலையில் உள்ள எதிர்ப்புச் சக்தியை, கடித்த காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் ஊசியால் செலுத்துவது. குழந்தையின் கன்னத்தில் போடும்போது பெற்றவர்கள் பார்க்க முடியாமல் வெளியே போய்விடுவார்கள். எனக்கும் கை கனக்கும். ஆனாலும் விடக் கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி எதுவானாலும் சீரம் கட்டாயம். எல்லாம் செய்தும் கிருமி முந்திக்கொள்வது உண்டு, மிக அரிதாக. ஆனால் தடுப்பூசி தோற்றதாக நாம் பேசும் மரணங்களை விசாரித்துப் பார்த்தால், காயத்தைக் கழுவவில்லை, சீரம் போடவில்லை, தாமதமாக வந்தார் என்ற மூன்றில் ஒன்று அடிக்கடி தென்படுகிறது.

கழுவுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்பு தடவி வருகிறார்கள். மிளகாய்ப்பொடி, மஞ்சள், காப்பித்தூள் அப்பி வருகிறார்கள். எல்லோரையும் முதலில் குழாயடிக்குத்தான் அனுப்புவேன். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். மூன்று சினிமாப் பாட்டு முடியும் நேரம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைத்துவிடும். இதை வீட்டிலேயே, கடித்த அந்த நிமிடமே செய்துவிட்டுக் கிளம்பினால் பாதிக் கவலை தீர்ந்தது. கட்டுப் போட வேண்டாம். தையல் தேவைப்பட்டால்கூடச் சீரம் போட்ட பிறகுதான்.

இன்னும் சிலர் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பயந்தே வராமல் இருக்கிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தைக் குன்னூர் பாஸ்டர் நிலையமும் பல காலம் தயாரித்தது. நாட்டில் அது நின்று 20 ஆண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது 0, 3, 7, 28 ஆம் நாள்களில் இரண்டு கைகளிலும் தோலுக்குள் 0.1 மில்லி, அவ்வளவுதான். அரசு மருத்துவமனையில் காசில்லை.

வராமல் போனால் என்ன ஆகும் என்பதை வார்டில் பார்த்திருக்கிறேன். கொத்தனார் ஒருவர். குட்டி நாய்தானே என்று விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து, ஆறிப்போன தழும்பில் குறுகுறுப்பு, காய்ச்சல். அப்புறம் மின்விசிறிக் காற்று பட்டாலே தொண்டை இறுகியது. தாகம் தாங்காமல் அவரே தண்ணீர் கேட்டார். டம்ளர் வாயருகே வந்ததும் உடம்பு தூக்கிப்போட்டது. நாய் போலக் குரைப்பார்கள் என்பது கட்டுக்கதை. தொண்டைத் தசை இழுத்துக்கொள்ளும் சத்தம் அது. இடையிடையே தெளிவாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த நிலைக்கு வந்த பிறகு மருத்துவத்தால் செய்ய முடிவது வேதனையைக் குறைப்பது மட்டுமே. ஐந்தில் ஒருவருக்கு இந்த ஆர்ப்பாட்டம்கூட இருக்காது. கை கால் தளர்ந்து, பக்கவாதம் போலத் தொடங்கி முடிந்துவிடும்.

தெருநாய்களைக் கொல்வதா காப்பதா என்று ஊரே சண்டை போடுகிறது. 10 நாய்களில் 7 நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டால் கிருமி பரவும் சங்கிலி அறும். கோவா அதைச் செய்து காட்டியது. அதை இங்கும் செய்யட்டும். ஆனால் 2024-இல் தமிழ்நாட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடிபட்டார்கள், 40 பேருக்கு மேல் ரேபிஸால் இறந்தார்கள். நாளைக் காலையிலும் கடிபட்டு வருவார்கள். அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்?

முதல் ஊசி போட்டுவிட்டு, "சீரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சீட்டுக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இருக்கிறது. இரவில், கூலி வேலைக்காரர், கைக்குழந்தையோடு எந்தப் பேருந்தில் போவார்? சீட்டோடு வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் எங்களிடம் வந்த தாயை நான் பார்த்திருக்கிறேன். சீரம் இருக்கும் இடத்துக்கு 108 வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீரம் இருப்பு வேண்டும். தட்டுப்பாடு என்ற காரணம் முழுதாக நிற்காது. காயத்துக்குள் கொள்ளும் அளவு போட்டால் போதும், மிச்சத்தைத் தொடையில் ஏற்ற வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-லேயே சொல்லிவிட்டது. சிறிய காயங்களுக்குக் குறைவாகவே செலவாகும்.

ஓ.பி. சீட்டில் அடுத்த ஊசித் தேதிகளை எழுதுகிறோம். சீரம் போட்டாயிற்றா, எத்தனை மணிக்கு, யார் போட்டது என்பதற்கும் ஒரு கட்டம் அச்சடிக்கட்டும். அதுவரை நீங்களே கேளுங்கள். "காயத்துல போடுற ஊசி போட்டாச்சா சிஸ்டர்?" முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் தாண்டிவிட்டால் சீரம் போட முடியாது. அதனால் அன்றைக்கே, ஊசி போடும் மேசை முன்னால் நின்றே கேளுங்கள்.