பிள்ளை பறக்கட்டும், ஈ.பி.எப். காசு பறக்க வேண்டாம்

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. மண் சரிந்து பாதைகள் அறுந்த அந்த நாட்களில் மலைக்கு மேலே உலங்குவானூர்தி வந்தபோது, சாப்பாட்டுப் பொதி வருகிறதா என்று பெரியவர்கள் நாம் பார்த்தோம். பிள்ளைகள் சிலர் அதை ஓட்டியவரைப் பார்த்திருக்கிறார்கள்.

அதில் ஒருத்தி சாதாரண தரப் பரீட்சை முடித்தவள். அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. கொழுந்து வேலையை விட்டு நிற்கப் போகிறார். சங்கக் கூட்டம் கலையும்போது எம்மிடம் வந்து கேட்டார்: "டீச்சர், ஈ.பி.எப். காசு வரப்போகுது. இவள ஹெலிகொப்டர் ஓட்டப் படிக்கப் போடலாமா? கொழும்புப் பக்கம் பள்ளிக்கூடம் இருக்காம்."

சிலர் சிரித்தார்கள். உள்ளதைச் சொன்னால் எமக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு வெட்கமாகப் போய்விட்டது. கொழுந்து பறிப்பவள் மகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு காலத்தில் துரைமார் கேட்டதை இன்று நாமே கேட்கிறோம்.

எமது கருத்து இதுதான். அந்த ஆசை சரி. அந்தக் காசு அதற்கில்லை.

இரத்மலானையில் தனியார் விமானப் பயிற்சி நிலையங்கள் இருப்பது உண்மை. ஆனால் சம்பளத்துக்கு உலங்குவானூர்தி ஓட்ட வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் வேண்டும். சர்வதேச விதிப்படி 18 வயதும் 150 மணித்தியாலப் பறப்பும் தேவை. அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பயிற்சி என்றால் 100 மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்கு என்ன கட்டணம் என்று கேட்டு, நூறால் பெருக்கி, உங்கள் நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் கொழுந்து என்று தெரியும். 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் கிடைக்க எத்தனை வருடம் போராடினோம் என்பதையும் அந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரம் கையில் வந்தாலும் வேலை கையில் வராது. இந்த நாட்டில் தனியார் உலங்குவானூர்தி வேலைகள் சொற்பம். அவற்றுக்கும் அனுபவ மணித்தியாலம் கேட்பார்கள்.

எந்த வழியில் போனாலும் முதலில் மருத்துவப் பரிசோதனை. கண், நிறம் பிரித்தறிதல், காது, இதயம் எல்லாம் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் யார் முற்பணம் கேட்டாலும் ஒரு சதம் கொடுக்காதீர்கள்.

காசில்லாத வழி விமானப்படை. பயிற்சி இலவசம், சம்பளமும் உண்டு. 2020இல் அங்கே முதல் பெண் விமானிகள் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். ஆனால் எதை ஓட்டுவது என்பதைப் படைதான் தீர்மானிக்கும், பல வருடம் சேவை செய்ய வேண்டும். படை என்றதும் நம் வீடுகளில் சிலர் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பயமும் உண்டு. அதே புயலில், நவம்பர் 30இல், நிவாரணப் பணிக்குப் போன பெல் 212 லுணுவிலவில் விழுந்து விமானி உயிரிழந்தார். அந்த அம்மாவும் இதைத்தான் முதலில் சொன்னார். மகள் மௌனமாக இருந்தாள், ஆனால் மனம் மாறவில்லை.

வயதெல்லை இருபதைத் தாண்டிச் சில வருடங்களிலேயே முடிந்துவிடும். அதற்குள் நல்ல ஆங்கிலமும், உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ வேண்டும். எமக்குக் கோபம் வருவது இங்கேதான். எத்தனை தோட்டப் பாடசாலைகளில் பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் ஆசிரியர் இருக்கிறார்? இலவச வழி என்கிறார்கள், ஆனால் அதன் வாசல் பதினாறு வயதிலேயே நம் பிள்ளைகளுக்குச் சாத்தப்படுகிறது. விமானி மட்டுமல்ல, பொறியியலாளர், வைத்தியர் எல்லாருக்கும் அதே வாசல்தான்.

அந்தப் பிள்ளை இப்போது டவுன் பாடசாலையில் கணிதப் பிரிவில் சேரக் காத்திருக்கிறாள். காலை ஐந்தரை பஸ். ஈ.பி.எப். பணத்தில் பஸ் காசும் டியூஷன் காசும் மட்டும் எடுப்பது, மீதி அம்மா பெயரில் வங்கியில் இருப்பது என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள்.

தோட்டப் பாடசாலைகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர் கேட்கும் மனு அடுத்த மாதக் கூட்டத்தில் கையெழுத்துக்கு வருகிறது. பெற்றோர் இருவரும் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.