குறை ஓட்டுபவரிடமா, கணக்கிலா?

"சொன்ன தூரம் வண்டி ஓடவில்லையே!" என்று வடக்கனந்தலில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கும் உழைப்பாளி கேட்டால், வரும் பதில் என்ன? "உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை!"

டயரில் காற்று குறைந்தாலும், பிரேக் உரசினாலும், முறுக்கி ஓட்டினாலும் பாட்டரி சீக்கிரம் தீரும். இது உண்மையே. இவற்றை முதலில் பாருங்கள். பிறகு நிறையச் சார்ஜ் ஏற்றி, பத்து கிலோமீட்டருக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று எழுதி வையுங்கள். பாதியில் திடீரென்று சரிந்தால், செல்லில் பழுது இருக்கக்கூடும். அந்தக் குறிப்பே நமது சாட்சி!

எல்லாம் சரியாக இருந்தும் தூரம் குறைகிறதே, ஏன்? விளம்பரத்தில் வரும் தூரம், சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி அளந்த தூரம். அங்கே வெள்ளிமலை ஏற்றம் ஏது? பின்னால் இன்னொரு ஆள் ஏது? முன்னால் மூட்டை ஏது?

2019 முதல் 2024 மார்ச் வரை, ஃபேம் இரண்டாம் கட்டத்தில் பாட்டரியின் அளவைக் கணக்கிட்டே சர்க்கார் மானியம் தந்தது. 2021 ஜூனில் அது கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக உயர்ந்தது. கொடுத்த பணம் ஜனங்களுடையது. உண்மையை அறியும் உரிமை மட்டும் ஜனங்களுக்கு இல்லையா?

நாம் கோருவது இதுதான்: இருவர் ஏறி, மேட்டில் ஓடும் தூரத்தையும் அச்சிடு! ஒவ்வொரு சர்வீஸிலும் பாட்டரியின் மிச்சத் திறனை எழுத்தில் கொடு! மாற்றுப் பாட்டரியின் விலையை விற்கும்போதே சொல்!

கல்வராயன் மலையை நாம் தாழ்த்த முடியாது. பொய்க் கணக்கைத் திருத்த முடியும். திருத்தியே தீருவோம்!